பழைய அவுட்போர்டு மோட்டாரில் பிளக் கரண்ட் வீக்: காயில் மாற்றணுமா?

கேள்வி: பூலாம்பட்டி பக்கம் காவிரித் தேக்கத்தில் மீன் பிடிக்கும் படகுக்கு, கடலோரத்திலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கிய 10 எச்.பி. டூ ஸ்ட்ரோக் மோட்டார். ரெண்டு சிலிண்டர், சி.பி. பாயின்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) மாடல். நாலு மாசம் சும்மா கிடந்தது. புது பிளக் போட்டும் பொறி மஞ்சளாக, மெலிசாக வருது. ரெண்டு காயிலையும் மாத்தச் சொல்றாங்க. வாங்கிடலாமுங்களா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீங்க. கிடப்பில் இருந்த மோட்டாரில் ரெண்டு சிலிண்டரும் ஒரே சமயத்தில் வீக் ஆகியிருந்தால், முதலில் ரெண்டுக்கும் பொதுவானதைப் பார்க்கணும்: ஸ்டாப் ஒயர், எர்த், பாயின்ட் முகத்தில் படிந்த படலம். ஒரு சிலிண்டர் மட்டும் வீக் என்றால்தான் காயில், கண்டன்சர் (பாயின்ட் திறக்கும்போது அதில் பொறி பறக்காமல் காக்கும் சின்ன பாகம்) மேல் சந்தேகம் முன்னால் வரும்.

பிளக்கை வெளியே வைத்துப் பொறி பார்ப்பது பாதிப் பரிசோதனைதான். 0.7 மி.மீ. இடைவெளியை வெளிக்காற்றில் சோம்பல் பொறிகூடத் தாண்டிவிடும். உள்ளே கலவை அமுங்கி நிற்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு வோல்டேஜ் வேணும். அதனால் ஒரு காய்ந்த கட்டையில் ரெண்டு ஆணியை 6 மி.மீ. இடைவெளியில் அடிச்சு, ஒன்றில் பிளக் ஒயர், இன்னொன்றில் இன்ஜின் எர்த் கொடுங்க. ரெண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு ஓட்டையில் துணி அடைச்சு, கயிற்றை வேகமாக இழுங்க. நீலமாக, சடக்கென்று சத்தத்தோடு தாண்டினால் கரண்ட் சரி. கோளாறு பெட்ரோல் பக்கமோ கம்ப்ரஷனிலோ இருக்கு. மெதுவாக இழுத்தால் நல்ல மேக்னெட்டோவும் (காந்தச் சக்கரம் சுற்றிக் கரண்ட் தரும் அமைப்பு) வீக்காகத்தான் காட்டும். மற்ற சிலிண்டரின் ஒயரை அந்தரத்தில் விடாமல் எர்த்தில் சேர்த்து வைங்க, இல்லாவிட்டால் போக வழியில்லாத கரண்ட் காயிலின் இன்சுலேஷனைக் கிழிச்சிடும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அடுத்தது ஸ்டாப் ஒயர். மோட்டாரை நிறுத்தும் பட்டனிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்க. பட்டனுக்குள் ஈரமோ, உப்போ, ஒயரில் உரசலோ இருந்தால் கரண்ட் அரைகுறையாக எர்த் ஆகிக்கிட்டே இருக்கும். கழற்றியதும் பொறி தெளிஞ்சா வேலை அங்கேயே முடிஞ்சுது. பிளக் ஒயரையும் இருட்டில் பாருங்க. வழியில் எங்காவது பொறி கசிஞ்சால் கண்ணுக்குத் தெரியும். நுனியில் பச்சை பிடிச்சிருந்தால் அரை செ.மீ. வெட்டிவிட்டு கேப்பைத் திருகுங்க. ஒயர் செம்புக் கம்பி உள்ளதாக இருக்கணும்.

இதுக்கு மேல் மேக்னெட் சக்கரத்தைக் கழற்றணும். நட்டை எடுத்துவிட்டு, சக்கரத்தின் நடுவில் இருக்கும் மூணு ஓட்டையில் போல்ட் போடும் புல்லர் மட்டும்தான். விளிம்பைக் கொக்கி புல்லரால் இழுத்தால் சக்கரம் கோணும்; கிராங்க் நுனியில் சுத்தியல் விழுந்தால் மரை போச்சு.

உள்ளே பெரும்பாலும் குற்றவாளி பாயின்ட்தான். பளபளன்னு இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். காயிலின் முதல் சுற்றில் (பிரைமரி) மின்தடை ஒரு ஓம் அளவுதான். அந்த இடத்தில் பாயின்ட்டில் இன்னும் அரை ஓம் சேர்ந்தாலே கரண்ட் நொண்டிடும். 400 நம்பர் உப்புத்தாளை மடிச்சு ரெண்டு இழுப்பு இழுங்க, பிறகு வெள்ளைத் தாளில் பெட்ரோல் நனைச்சு நடுவில் விட்டு உருவுங்க. தாள் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை. கடைசி உருவல் காய்ந்த தாளில்.

பிறகு இடைவெளி. பழைய ஜான்சன், எவின்ரூட் மாதிரி மாடல்களில் 20 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு), அதாவது 0.50 மி.மீ. கிராங்கை மேலிருந்து பார்க்க வலச்சுற்றாக மட்டும் திருப்புங்க. எதிர்ப்பக்கம் திருப்பினால் தண்ணி பம்பின் ரப்பர் இம்பெல்லர் இறக்கை மடங்கும். பாயின்ட்டைத் திறக்கும் கேம் உச்சத்தில் நிற்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாகப் பிடிச்சு நகரணும். ஸ்க்ரூவை இறுக்கியதும் அளவு மாறும், மறுபடி பாருங்க. இடைவெளி குறைஞ்சால் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும், கூடினால் முந்தும்; ரெண்டிலும், காயிலின் முதல் சுற்றில் கரண்ட் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பாயின்ட் திறக்காது. பொறி வீக் ஆவது அதனால்தான்.

பாயின்ட் தொடுமிடத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்சர் போயிருக்கு. கபாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டரில் 0.18 முதல் 0.25 மைக்ரோஃபேரட் வரை காட்டணும். அசல் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீங்க. பவானியிலோ மேட்டூரிலோ பழைய ஸ்கூட்டர் பார்ட்ஸ் வைத்திருக்கும் கடையில், இந்த அளவுக்கு வரும் கண்டன்சர் பொருந்தும். அதன் உடல் எர்த் ஆகும் இடத்தைச் சுரண்டிவிட்டுத்தான் திருகணும்.

சுத்தம் செய்த ஒரு வாரத்தில் பாயின்ட்டில் மறுபடி எண்ணெய்ப் பிசுக்கு வந்தால், கிராங்கின் மேல் ஆயில் சீல் கசியுது. சீலை மாத்தாமல் பாயின்ட்டை எத்தனை தடவை துடைச்சும் பிரயோசனமில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் காயில். பழைய காயிலின் மேல்பூச்சு வெடிச்சு, வெடிப்பில் ஈரம் இறங்கும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகி, 10, 15 நிமிஷத்தில் சூடேறியதும் நின்று, ஆறிய பின் மறுபடி எடுத்தால் காயிலைத்தான் நம்பக்கூடாது. ஒரு சிலிண்டர் மட்டும் வீக் என்றால் ரெண்டு காயிலையும் இடம் மாத்திப் போடுங்க. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்தால் முடிவு தெரிஞ்சுது. கடலோர மோட்டார் என்பதால் காயில் உட்காரும் தகடுகளில் துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டி, எர்த் ஒயர் முனையைப் பளிச்சுன்னு ஆக்குங்க. இந்த ஒன்றாலேயே சரியாகலாம். நம்ம ஊரில் பம்ப் மோட்டார் காயில் கட்டுறவங்க நிறைய இருக்காங்க, ஆனால் இதை அவங்ககிட்டக் கட்டக் கொடுக்காதீங்க. காயிலின் ரெண்டாம் சுற்றின் (செகண்டரி) கம்பி தலைமயிரைப் போல மெலிசு, ஆயிரக்கணக்கான சுற்று. புதுசு வாங்குறதுதான் மலிவு.

புதுக் காயில் பொருத்தும்போது தகட்டின் கால்கள், அடித்தட்டில் கடைஞ்சு விட்டிருக்கும் மேட்டோடு சமமாக நிற்கணும். வெளியே நீட்டினால் சக்கரம் உரசும். உள்ளே தள்ளியிருந்தால் மறுபடி வீக் கரண்ட்தான்.

மூடும்போது கிராங்க் கூம்பையும் சக்கரத்தின் உட்புறத்தையும் எண்ணெயில்லாமல் துடைங்க. மேக்னெட் கீ (சக்கரத்தைக் கிராங்கோடு பூட்டும் சின்னத் துண்டு) ஓரம் நசுங்கியிருந்தால் புதுசு போடுங்க, நட்டை மேனுவலில் சொன்ன டார்க்கில் இறுக்குங்க. நட்டு தளர்ந்திருந்தால் சக்கரம் லேசாக நகர்ந்து கீயை அறுக்கும். பொறி நல்லாயிருந்தும் டைமிங் தப்பி, ஸ்டார்ட் கயிறு கையைப் பிடுங்கும்.