பதில்: மகளுக்குக் காஷே நோய் என்கிறார்கள், எங்கே போவது?
ஏற்காட்டிலிருந்து எழுதிய அண்ணனுக்கு, வணக்கம்ங்க. காஷே (Gaucher) என்பது, ஒரு நொதி குறைவதால் உடம்பில் ஒருவகைக் கொழுப்பு சேரும் பரம்பரை நோய். பாப்பாவுக்கு மண்ணீரல் வீக்கம், தட்டணு குறைவு, எலும்பு மஜ்ஜையில் காஷே செல் (கொழுப்பு நிறைந்து வீங்கிய செல்) தெரிந்தது என்கிறீர்கள். நோயை உறுதி செய்ய அது மட்டும் போதாதுங்க. சில ரத்தப் புற்றுநோய்களிலும் அதேபோன்ற செல் தென்படும். ரத்தத்தில் அந்தக் கொழுப்பை உடைக்கும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதியின் அளவைப் பார்த்தால்தான் உறுதியாகும். அப்புறம் ஜிபிஏ1 (GBA1, அந்த நொதிக்கான மரபணு) பரிசோதனை.

சேலத்தில் ராத்திரி ரயில் ஏறி, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போங்கள். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையின்கீழ் அது சிறப்பு மையம். இந்த நோய்க்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, விண்ணப்பம் அந்த மையம் வழியாகத்தான். மஜ்ஜை ஸ்லைடையும் கையோடு எடுத்துப் போங்கள்.

‘ஆராய்ச்சி மருந்து’ என்று முன்பணம் கேட்கிறவரிடம் சிடிஆர்ஐ (CTRI, மருந்து ஆய்வுகளைப் பதியும் இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். எண் சொல்லாமல் மழுப்பினால் பைசா கொடுக்காதீர்கள்.