ஜீப்பில் நிரந்தரமாகப் பொருத்த எந்த ஏர் கம்ப்ரஸர் நல்லது?

கீரிப்பாறை மலைப்பாதைக்கும் கடற்கரை மணலுக்கும் போகிற வண்டி என்கிறீர்கள். சரி, பெட்டியில் பெரிதாக அச்சடித்த 150 பிஎஸ்ஐ என்ற காற்றழுத்த அளவைப் பார்த்து வாங்காதீர்கள். மணலுக்காக 18க்கு இறக்கிய டயரை ரோட்டுக்கு வந்ததும் 30, 35க்கு ஏற்றினால் போதும். அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தள்ளுகிறது என்று பாருங்கள். அப்புறம் டியூட்டி சைக்கிள், அதாவது மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஓட்டலாம் என்ற கணக்கு. 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓட்டி 20 நிமிடம் ஆறவிட வேண்டும். நாலு பெரிய டயருக்கு அது பெரும் பாடு. 100 சதவீதம் உள்ளதையே தேடுங்கள்.

சிகரெட் லைட்டர் சாக்கெட் இந்த மின்சாரத்தைத் தாங்காது. பேட்டரியிலிருந்தே தடித்த வயர், ரிலே (சின்ன சுவிட்சால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி), பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். நம்மூர் உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சை பூக்கும், கிரீஸ் தடவிவிடுங்கள். காற்று இழுக்கும் ஃபில்டரைக் குழாய் போட்டு உயரத்தில் வையுங்கள், ஓடை கடக்கும்போது தண்ணீர் ஏறாது.