மாமா தானே போட்டுப் பார்க்க வேண்டும்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். என் தாய்மாமா தென்னை மரத்தில் இருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டு நான்கு வருடம் ஆகிறது. சீட்டில் சி6 என்று எழுதியிருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி முடித்து வந்தார். சக்கர நாற்காலியில் உட்காருவார், பேச்சு தெளிவாக இருக்கிறது, விரல்கள்தான் அசையாது. தெருக்கூத்து என்றால் அவருக்கு உயிர். சுற்றுவட்டார ஊர்களில் நடந்த கூத்துகளைப் பதிவு செய்த டிவிடிகள் நாற்பது இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நாங்கள்தான் போட்டுக் கொடுக்கிறோம். வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பும் வைஃபையும் உண்டு. எளிதாக ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். புதிதாக வாங்க வேண்டியதும் அதிகம் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘நாங்கள்தான் போட்டுக் கொடுக்கிறோம்’ என்பது. தண்ணீருக்கு ஒருவரைக் கூப்பிட்டு, புரண்டு படுக்க ஒருவரைக் கூப்பிட்டு, கூத்து பார்க்கவும் ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்றால் பல நாள் அவர் பார்க்காமலே இருந்துவிடுவார். அதனால் லேப்டாப்பை அப்புறம் பார்ப்போம். முதலில் மாமாவின் கை.

எனக்கு இதைப் புரியவைத்தது ஆற்காட்டில் இருந்த என் பெரியம்மா. பக்கவாதத்தில் அவருக்கு வலது கை போய்விட்டது. நல்ல ஸ்மார்ட் டிவியாக வாங்கி, எல்லா ஆப்பும் போட்டுக் கொடுத்தேன். ஒரு மத்தியானம் இடது கட்டைவிரல் தவறி இன்புட் பொத்தானில் பட்டுவிட்டது. திரை முழுக்க நீலம், ‘சிக்னல் இல்லை’. அண்ணன் வேலை முடிந்து வரும்வரை மூன்று மணி நேரம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போன்கூடச் செய்யச் சொல்லவில்லை. தவறான பொத்தானில் கை பட்டால் தானே திரும்பி வர வழி இருக்கிறதா என்பதைத்தான் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்க்கிறேன்.

சி6 என்பது கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட மட்டத்தைச் சொல்வது. அந்த மட்டம் என்றால் பொதுவாகத் தோளும், முழங்கையை மடக்குவதும், மணிக்கட்டை மேலே தூக்குவதும் இருக்கும். முழங்கையை நீட்டித் தள்ளுகிற பலம் இருக்காது. ஆகவே ரிமோட் எட்டி எடுக்கிற தூரத்தில் இருக்கக் கூடாது. மடிக்கு மேலே, வயிற்றை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியின் கைப்பிடிகள் மேல் உட்காரும் ஒரு மரத்தட்டு செய்யச் சொல்லுங்கள். எந்தத் தச்சரும் அரை நாளில் செய்துவிடுவார். ரிமோட்டை அதில் வெல்க்ரோ ஒட்டி நிறுத்திவிடுங்கள். ரிமோட் நகரவே நகராது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

சாப்பிடும்போது ஸ்பூனைச் செருகிக்கொள்ள உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்று அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். யுனிவர்சல் கஃப் என்பார்கள். அதில் ஸ்பூனுக்குப் பதிலாக, பின்னால் ரப்பர் வைத்த பென்சிலைத் தலைகீழாகச் செருகுங்கள். ரப்பர் முனை வழுக்காமல் பொத்தானை அமுக்கும். பட்டை இல்லை என்றால் அடுத்த முறை பாகாயம் போகும்போது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி பிரிவில் கேளுங்கள். ரிமோட்டையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அந்த மறுவாழ்வு நிலையத்தை 1966-ல் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். ஒரு பொத்தானை அமுக்க முடியவில்லை என்று அங்கே போய்ச் சொன்னால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரிமோட்டில் மாமாவுக்கு வேண்டியவை நான்கு அம்புக்குறி, நடுவில் உள்ள ஓகே, பேக், ஹோம், ஒலி அளவு. மற்றதெல்லாம் மூடப்பட வேண்டும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை ரிமோட் அளவுக்கு வெட்டி, வேண்டிய இடங்களில் மட்டும் ஓட்டை போட்டு மேலே ஒட்டுங்கள். ஹோம் பொத்தான் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷால் பளிச்சென்று தெரியட்டும். எங்கே மாட்டிக்கொண்டாலும் அதை அமுக்கினால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

சரி, இப்போது கருவிகள். டிவியில் எச்.டி.எம்.ஐ துளை இருந்தால் அதில் மாட்டி ஆப்களை ஓட்டும் ஒரு ஃபயர் டிவி ஸ்டிக்கோ கூகுள் டிவி பெட்டியோ போதும். சாதாரண டிவி ரிமோட் அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்வது, டிவியை நோக்கிப் பிடித்தே ஆக வேண்டும். தட்டில் மல்லாந்து கிடக்கும் ரிமோட்டுக்கு அது சரிவராது. ஸ்டிக்கின் ரிமோட் புளூடூத்தில் பேசும், எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் சரி. ஆனால் அதிலும் ஒலி, பவர் பொத்தான்கள் பெரும்பாலும் அகச்சிவப்பில்தான் டிவியிடம் பேசும். அதற்காக டிவி அமைப்பில் எச்.டி.எம்.ஐ-சி.ஈ.சி என்ற வசதியை ஆன் செய்யுங்கள்; ஸ்டிக் அந்த இணைப்பு வழியாகவே டிவியை இயக்க விடுவது அது. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் எழுதியிருக்கும். அதன்பின் ஹோமை அமுக்கினாலே டிவி விழித்து, சரியான இன்புட்டுக்குத் தானே வந்துவிடும். பெரியம்மாவுக்கு அன்று இது இருந்திருந்தால் போதும். ஸ்டிக்குக்கு மின்சாரம் டிவியின் யு.எஸ்.பி-யில் இருந்து கொடுக்காதீர்கள். டிவி அணையும்போது அதுவும் அணைந்து, ஒவ்வொரு முறையும் எழுந்து வர நேரம் எடுக்கும். கூட வரும் அடாப்டரையே சுவரில் மாட்டுங்கள்.

குரலால் இயக்கலாமே என்று தோன்றும். இயக்கலாம், ஆனால் ரிமோட்டில் உள்ள மைக் பொத்தானைப் பேசி முடிக்கும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்; பென்சில் முனையால் அது சிரமம். சொன்னதைக் கேட்டுச் செய்யும் எக்கோ ஸ்பீக்கர் ஒன்றை ஃபயர் டிவியுடன் இணைத்தால் கை வேண்டாம். பிளே, பாஸ், ஸ்டாப் என்று நாலைந்து சொல் போதும். ஸ்பீக்கரை டிவி பக்கம் வைக்காமல் அவர் பக்கத்தில் வையுங்கள். இந்த அளவில் அடிபட்டவர்களுக்கு விலா எலும்புத் தசைகள் வேலை செய்யாது, உதரவிதானத்தால்தான் மூச்சு. அதனால் உரக்கக் குரல் எழுப்புவது சிரமம். இணையம் நின்றால் இந்த வழி நின்றுவிடும் என்பதால் தட்டில் இருக்கும் ரிமோட்தான் முதல் வழி, குரல் இரண்டாவது.

இனி டிவிடி. எழுதிய டிஸ்க்குகள் வருடங்களில் கெட்டுப்போகும், அதுவும் நம் வேலூர் மாவட்ட வெயிலில். நாற்பதும் 4.7 ஜிபி நிறைந்திருந்தாலும் மொத்தம் 188 ஜிபிதான். முதலில் எல்லாவற்றையும் அப்படியே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி, எம்.பி.4 கோப்பு என்று மாற்றுங்கள். இந்த வடிவத்தை ஸ்டிக் நேரடியாகவே ஓட்டிவிடும். கூத்தை டிவிக்கு அனுப்பப்போவது லேப்டாப்தான்; மாற்றாமல் விட்டால் ஓடும் நேரத்தில் அதுவே மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய லேப்டாப் திணறும், படம் நின்று நின்று வரும்.

மாற்றும்போதே அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டச் சொல்வேன். காரணம் தொழில்நுட்பம் அல்ல. விடிய விடிய நடக்கிற கூத்தில் மாமா மூழ்கிவிட்டால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். உணர்வு இல்லாத இடத்தில் படுக்கைப் புண் வருவது அப்படித்தான். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓட வேண்டாம். முன்னால் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ அழுத்தத்தை எடுத்துவிட்டு, அப்புறம் அடுத்ததைப் போடட்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று அவருடைய தெரபிஸ்ட் சொன்ன கணக்கு இருந்தால் அந்த அளவுக்கே வெட்டுங்கள்.

லேப்டாப்பில் ஜெல்லிஃபின் என்ற, வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருளைப் போடுங்கள். 2018-ல் எம்பி என்ற மென்பொருளில் இருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம். டிவி ஸ்டிக்கிலும் அதே பெயரில் ஆப் உண்டு. லேப்டாப்பில் இருக்கும் கூத்து வீட்டு வைஃபை வழியாகவே டிவிக்குப் போகும், இணைய டேட்டா செலவாகாது. நூலகம் உருவாக்கும்போது ‘மூவிஸ்’ என்று கொடுக்காதீர்கள்; அது சினிமா என்று நினைத்து இணையத்தில் போஸ்டர் தேடி எதையோ ஒட்டிவிடும். ‘ஹோம் வீடியோஸ்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கூத்துக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘ஃபோல்டர்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு ஜேபெக் படம். கர்ணன் வேஷம், கட்டியங்காரன், அந்த ஊர் திரௌபதி அம்மன் கோயில் என்று எந்தப் படத்தைப் பார்த்தால் எந்த இரவு நினைவுக்கு வரும் என்பதை மாமாவே சொல்லட்டும். அவருக்குக் கடவுச்சொல் இல்லாத ஒரு கணக்கு போதும். வருகிற வைகாசி முதல் நாள் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வீடியோவை எடுத்து அதே இடத்தில் போட்டால் அதுவும் திரையில் வந்துவிடும்.

ரவுட்டரில் லேப்டாப்புக்கு ஒரே ஐ.பி முகவரியை (ஆப் லேப்டாப்பைத் தேடிப் பிடிக்கும் எண்) நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, ஆப் ‘சர்வர் இல்லை’ என்று சொல்லும். லேப்டாப் தூங்கிப்போகாதபடி, மூடி வைத்தாலும் ஓடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ் நல்லது. கத்திரி வெயிலில் லேப்டாப்பை பீரோ மேல் வைக்காமல் கீழே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் லேப்டாப்பையோ சூடாகும் அடாப்டரையோ மாமாவின் மடியில் வைக்காதீர்கள். சுடுவது அவருக்குத் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நாம் பார்ப்போம்.

எல்லாம் தயாரானதும் ஒரு நாள் சாயங்காலம் தட்டைப் பொருத்திவிட்டு, கூடத்தில் நிற்காமல் சமையலறைக்குப் போய்விடுங்கள். கூப்பிட்டால் மட்டும் வாருங்கள். அவர் தடுமாறுவது காதில் விழுந்தாலும் ஓடி வந்து ரிமோட்டை வாங்காதீர்கள். எந்த இடத்தில் நின்றுபோனார் என்று அப்புறம் கேட்டு எழுதிக்கொண்டு, மறுநாள் தட்டையோ ஓட்டையையோ மாற்றுங்கள். மூன்று நான்கு சாயங்காலம் இப்படி ஆகும்.