இருபத்தாறு வயதில் ஒரு பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: நாற்பது நாடுகளில் கிளைகள் உள்ள ஓர் இளைஞர் அமைப்பின் செயற்குழுவில் இருக்கிறேன். எனக்கு வயது 26. எங்கள் செயலகம் ஜெனீவாவில் இருக்கிறது. ஆறு வருடங்களாக இருந்த பொதுச்செயலாளர் வரும் ஜூனில் விலகுகிறார். புதியவரைத் தேடும் ஐவர் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். இளைஞர் அமைப்புக்கு இளைஞர்தான் வேண்டும் என்று ஒரு தரப்பு, அனுபவம்தான் வேண்டும் என்று இன்னொரு தரப்பு. விளம்பரத்தில் என்ன எழுதுவது என்பதிலேயே நிற்கிறோம். எங்கே தொடங்க வேண்டும்?
— ஒரு வாசகி, கொழும்பு

பதில்: வயதுச் சண்டையை முதலில் ஓரமாக வையுங்கள். அதில் யாரும் ஜெயிக்கப் போவதில்லை. உலக சாரணர் அமைப்பு 2017-ல் அஹ்மத் அல்ஹெந்தாவியைப் பொதுச்செயலாளராக அமர்த்தியபோது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஆனால் 2013 முதலே ஐ.நா. பொதுச்செயலாளரின் இளைஞர் தூதராக வேலை பார்த்தவர். உலக ஒய்.எம்.சி.ஏ. 2018-ல் தேர்ந்தெடுத்த டோகோ நாட்டவர் கார்லோஸ் சான்வீ வேறு ரகம். ஆப்பிரிக்க ஒய்.எம்.சி.ஏ. கூட்டமைப்பை நடத்திய, உள்ளேயே வளர்ந்த ஆள். ஐசெக் மாணவர் அமைப்போ ஆண்டுதோறும் தன் உறுப்பினர்களுக்குள்ளிருந்தே தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. மூன்று வழியிலும் அமைப்புகள் நடக்கத்தான் செய்கின்றன.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. செயற்குழு சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும், பொதுச்செயலாளர் இருப்பார். நிதி கொடுப்பவர்கள் அவரைத்தான் அழைப்பார்கள். பழைய ஒப்பந்தம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் தலைவருக்கு இருபத்தெட்டு வயது, சம்பளமும் கிடையாது, பகலில் வேறு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஒருவர் ஜூம் கூட்டத்தில் “இது வேண்டாம்” என்று சொன்னால், ஐம்பது வயதுக்காரர் முகம் கோணாமல் கேட்டு நடப்பாரா? முப்பது வயதுக்காரர் கேட்பாரா? இதுதான் தேர்வு. முப்பது வயதுக்காரர்தான் கேட்பார் என்று நினைத்து ஏமாந்த குழு ஒன்றில் நானும் இருந்திருக்கிறேன்.

ஆகவே விளம்பரத்துக்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். எதைச் செயற்குழு முடிவு செய்யும், எதைப் பொதுச்செயலாளர் கேட்காமலே செய்யலாம் என்று எழுதுங்கள். நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்து யார், பத்திரிகைக்குப் பேசுவது யார், இயக்குநர்களை எடுப்பதும் நீக்குவதும் யார், சந்தா கட்டாத நாட்டுக் கிளைக்குக் கடிதம் போடுவது யார் என்கிற அளவுக்கு. சாரணர் அமைப்பில் பொதுச்செயலாளருக்கு அதன் செயற்குழுவான உலகக் குழுவில் இடம் உண்டு, வாக்கு கிடையாது. உங்கள் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். எழுதப்படாமல் விட்டது பின்னால் பூதமாகக் கிளம்பும். அதே சாரணர் அமைப்பில் 2004-ல் பொதுச்செயலாளராக வந்த எடுவார்டோ மிஸ்ஸோனி 2007-ல் நீக்கப்பட்டார். அதற்கு முன் அமெரிக்கச் சாரணர் சங்கம் அவருடைய நிர்வாகத்தை எதிர்த்துச் சந்தாவையே நிறுத்தி வைத்திருந்தது. நியாயம் யார் பக்கம் என்பதற்குள் நான் போகவில்லை. சந்தா கட்டும் கிளைகளின் நம்பிக்கை இல்லாமல் அந்த நாற்காலியில் யாரும் உட்கார முடியாது என்பதை மட்டும் கவனியுங்கள். அந்தத் தாளைப் பெரிய கிளைகளுக்கும், கூடவே மிகச் சிறிய இரண்டு மூன்று கிளைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேளுங்கள்.

அடுத்தது நாள்காட்டி. ஜூனில் ஒருவர் வந்து உட்கார வேண்டுமென்றால் ஜனவரி முடிவதற்குள் பெயர் முடிவாக வேண்டும். இந்த மட்டத்தில் இருப்பவர்கள் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருவது சாதாரணம். நைரோபியிலிருந்தோ மணிலாவிலிருந்தோ ஒருவரை எடுத்தால் சுவிஸ் வேலை அனுமதி தனிக் கதை: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு ஆண்டு ஒதுக்கீடு உண்டு, உள்நாட்டிலும் ஐரோப்பாவிலும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று காட்டவும் வேண்டும். உங்களுடையது சாதாரணச் சங்கமாகப் பதிவானது என்றால் ஐ.நா. அமைப்புகளுக்குள்ள சலுகையை எதிர்பார்க்காதீர்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் விளம்பரம் அக்டோபரில் வெளிவர வேண்டும்.

ஆள் தேடித் தரும் நிறுவனங்கள் முதல் வருடச் சம்பளத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கேட்பது வழக்கம். பணம் இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். உங்கள் கிளைகளுக்குத் தெரியாத ஆட்களையா அவர்கள் கொண்டுவரப் போகிறார்கள்? சம்பளத்தை மட்டும் விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். ஜெனீவா விலைவாசி தெரியாமல் விண்ணப்பித்துக் கடைசி நேரத்தில் விலகுகிறவர்களால் ஒரு மாதம் வீணாகும்.

நேர்காணலில் “உங்கள் தொலைநோக்கு என்ன” என்று கேட்டால் எல்லாருமே அழகாகப் பேசுவார்கள். ஓட்டை உள்ள ஒரு பட்ஜெட்டை முந்தின நாள் கொடுத்து, அதை உங்கள் வயது ஆள் ஒருவருக்கு விளக்கச் சொல்லுங்கள். விளக்குகிறாரா, பாடம் நடத்துகிறாரா என்று பாருங்கள். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பினால் ஆங்கிலத்தில் சரளம் குறைந்த பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபுக்காரர்களும் சமமாக நிற்பார்கள். இளைஞர்களைக் கொண்டு தனிக் குழு அமைத்தால் அவர்கள் போடும் மதிப்பெண்ணையும் கூட்டலில் சேருங்கள். படம் எடுத்துப் போடுவதற்காக மட்டும் என்றால் அந்தக் குழுவே வேண்டாம். விலகும் பொதுச்செயலாளருக்குத் தேர்வில் இடம் தராதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

சிறார் பாதுகாப்பில் மட்டும் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. விண்ணப்பதாரர் தானே கொடுக்கும் மூன்று நண்பர்களின் பரிந்துரை போதாது. 2019 ஜனவரியில் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு (Misconduct Disclosure Scheme என்று பெயர்). கடந்த ஐந்து வருடங்களில் வேலை கொடுத்தவர்களிடம், இவர்மீது பாலியல் முறைகேடு நிரூபணமானதா என்று நேரடியாகக் கேட்டு வாங்குவது அதன் முறை. நீங்கள் அதில் சேர்ந்திருக்கிறீர்களா என்று செயலகத்தில் விசாரியுங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தவர் என்றால் சிறாரோடு வேலை செய்வோருக்கென்றே தனிக் குற்றப்பதிவுச் சான்று உண்டு. பிரிட்டனில் வாழ்ந்தவர் என்றால் அங்கே சர்வதேசச் சிறார் பாதுகாப்புச் சான்றிதழ். நாலு நாட்டில் வாழ்ந்தவரென்றால் நாலு நாட்டுக் காகிதமும் வந்த பிறகுதான் பெயரை அறிவிக்க வேண்டும்.

சுவிஸ் சட்டப்படி தகுதிகாண் காலம் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. முதல் மதிப்பீட்டைப் பத்தாவது வாரத்தில் வையுங்கள். அதைச் செய்யப்போவது யார் என்று இப்போதே பெயர் எழுதிவிடுங்கள். அந்தப் பெயர் உங்களுடையதாக இருந்தாலும் தயங்காதீர்கள்.