கைத்துப்பாக்கி விலை உயர்வு: புதியதா, பழையதா, எதைப் பார்த்து வாங்குவது?

கோவை மாவட்டத்தில் அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தற்காப்புக்காக .32 போர் (குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு) கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அவருக்கு அண்மையில் உரிமம் கிடைத்துள்ளது. விண்ணப்பித்த காலத்தில் விசாரித்த விலையை மனத்தில் வைத்துப் பணம் ஒதுக்கியிருந்தவருக்கு, இப்போது கடைக்காரர் சொல்லும் தொகை மலைப்பாக இருக்கிறது. இதற்கிடையே இரண்டு பழைய துப்பாக்கிகள் அவரைத் தேடி வந்திருக்கின்றன. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த தம்முடைய ரிவால்வரை (தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும் கைத்துப்பாக்கி) 70,000 ரூபாய்க்குத் தர முன்வந்துள்ளார். சென்ற ஆண்டு காலமான எஸ்டேட் உரிமையாளர் ஒருவரின் மகன், தந்தை வைத்திருந்த, கோல்ட் (Colt) என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிஸ்டலுக்கு (தோட்டாக்கள் மேகசின் என்ற பெட்டியில் அடுக்கப்படும் வகை) 4.5 லட்சம் கேட்கிறார். "ஃபாரின் சரக்கு, விலை ஏறுமே தவிர இறங்காது" என்பது அவர் சொல்லும் நியாயம். புதியதை வாங்குவதா, இவற்றில் ஒன்றை வாங்குவதா, விலை இறங்கும்வரை பொறுத்திருப்பதா என்று வாசகர் கேட்கிறார்.

பொறுத்திருப்பதால் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்மைய உயர்வுக்கு முதல் காரணம் வரி. ரிவால்வர், பிஸ்டல் ஆகியவற்றின் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வரி சேராத விலை 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு 1,28,000 கொடுத்து எடுத்து வந்த அதே பொருளுக்கு இப்போது 1,40,000 தர வேண்டும். இதில் கடைக்காரரின் பேராசை எதுவும் இல்லை. ஆகவே அவரிடம் இந்த 12,000 ரூபாய்க்காகப் பேரம் பேசிப் பயனும் இல்லை.

இரண்டாவது காரணம் பழையது, இன்னும் ஆழமானது. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தருவித்துக்கொள்ளும் வழி 1980களின் நடுப்பகுதியிலேயே அடைபட்டுவிட்டது. உள்நாட்டிலோ, தனியார் பட்டறைகள் நெடுங்காலம் பன்னிரண்டு போர் எனப்படும் நீளக் குழல் துப்பாக்கிகளோடு நிறுத்தப்பட்டிருந்ததால், உரிமம் பெற்றவர் புதிய கைத்துப்பாக்கி வாங்க அரசுத் தொழிற்சாலைகளைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. 2014இல் கான்பூரிலிருந்து வெளிவந்த நிர்பீக் ரிவால்வர் பெண்களின் தற்காப்புக்கானது என்று அறிமுகமானபோதே அதன் விலை 1,22,360 ரூபாய். எந்தப் பெண்ணால் இதை வாங்க முடியும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது, அது நியாயமான கேள்வியும்கூட. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளுக்குப் பிறகு நிலைமை சற்று மாறியது. வெப்லி அண்டு ஸ்காட் என்ற பழைய பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயரிலான .32 ரிவால்வர்கள் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்துச் சண்டீலாவில் தயாராகத் தொடங்கின. 2021இல், அரசுத் தொழிற்சாலைகளை நடத்திவந்த ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபின், அவற்றில் ஒன்றான கான்பூர் நிறுவனம் 2023 ஆகஸ்டில் பிரபல் என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. இவற்றால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெருகியதே ஒழிய, விலை இறங்கவில்லை.

கோல்ட் பிஸ்டலின் 4.5 லட்சம் என்ற விலையையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். எஸ்டேட் குடும்பங்களில் இருக்கும் .32 கோல்ட்கள் பெரும்பாலும் 1903 மாதிரியைச் சேர்ந்தவை. அந்த மாதிரியின் உற்பத்தி 1945இல் நின்றுபோனது. அப்படியானால் அந்தப் பிஸ்டலுக்குக் குறைந்தது எண்பது வயது. நல்ல எஃகு, நேர்த்தியான வேலைப்பாடு, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது என்பதெல்லாம் உண்மை. பல ஆண்டுகள் துப்பாக்கி பழுதுபார்த்தவன் என்ற முறையில் எனக்கும் அவற்றின்மீது பற்று உண்டு. ஆனால் நாலரை லட்சத்தில் பெரும்பகுதி, இனி வராத பொருள் என்பதற்காகத் தரும் பணம். அது நன்றாகச் சுடும் என்பதற்கான விலை அன்று. பழைய பிஸ்டலின் உயிர் அதன் மேகசினில் இருக்கிறது. அசல் மேகசின் தேய்ந்துபோய், உள்ளூரில் அடித்துச் செய்த ஒன்றைச் செருகியிருந்தால், தோட்டா சாய்ந்து நுழைந்து பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். சுடும் ஊசி உடைந்தால் லேத்தில் கடைந்துதான் போட வேண்டும். ஆபத்து நேரத்தில் கைகொடுக்க வேண்டிய ஒரு கருவியை இவ்வளவு நிச்சயமின்மையோடு வாங்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

சட்டத்தின் கோணத்தில் பார்த்தால் இன்னும் பெரிய தடை இருக்கிறது. உரிமம் என்பது ஆளுக்கு உரியது. அவர் காலமானவுடன் அந்த ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்த பிறகு, குறித்த காலத்துக்குள், வாங்கத் தகுதியுள்ள ஒருவருக்கு அதை விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளச் சட்டப்படியான வாரிசுக்கு வழி இருக்கிறது. எனவே அந்த மகனிடம் வாசகர் முதலில் கேட்க வேண்டியது, பிஸ்டல் இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். ஒப்படைத்ததற்கான ரசீதைக் காட்டினால் பேச்சைத் தொடரலாம். "வீட்டில் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது" என்று பதில் வந்தால், அதைப் போய்ப் பார்க்கவும் வேண்டாம், கையில் வாங்கவும் வேண்டாம். முதலில் ஒப்படைத்துவிடுங்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள், அது அவருக்கே நன்மை.

வங்கி அதிகாரியின் ரிவால்வருக்கு வருவோம். உயிரோடிருக்கும் உரிமதாரர், செல்லுபடியாகும் உரிமம் உள்ள மற்றொருவருக்குத் தம் ஆயுதத்தை விற்கலாம். ஆனால் விற்கும் எண்ணத்தை மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் தெரிவித்து, அதிலிருந்து 45 நாட்களாவது கழிந்த பின்னரே ஆயுதம் கைமாற வேண்டும் என்று 5ஆம் பிரிவு கூறுகிறது. ஆகையால் "இன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கள், தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். தனிநபர் தம் சொந்தப் பொருளை விற்கும் இந்த விற்பனையில் ஜி.எஸ்.டி. சேர்வதில்லை, பழையதன் விலை புதியதைவிட இவ்வளவு குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வரி உயர்ந்தபின் நல்ல நிலையிலுள்ள பழைய இந்திய ரிவால்வர்களை நாடுவோர் கூடியிருப்பதும் இதனால்தான்.

பணம் தருவதற்கு முன் அந்த ரிவால்வரைப் பகல் வெளிச்சத்தில், உரிமையாளர் முன்னிலையில், முடிந்தால் ஓர் ஆர்மரரை (துப்பாக்கி பழுதுபார்ப்பவரை) கூட அழைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தோட்டாக்களை அகற்றிவிட்டு, ஆறு அறைகளும் காலிதானா என்று இரண்டு முறை பாருங்கள். அதன்பின் உடலில் பொறித்துள்ள எண்ணை உரிமப் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண்ணைச் சுரண்டிய தடமோ, மேலே மீண்டும் அடித்த தடமோ தெரிந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடலாம். அடையாள எண் அழிக்கப்பட்ட ஆயுதத்தை விற்பது குற்றம்.

எண் சரியாக இருந்தால் இயக்கத்தைப் பாருங்கள். அரசுத் தொழிற்சாலையின் வழக்கமான .32 ரிவால்வர், பழைய வெப்லியின் அமைப்பைத் தழுவியது. தாழ்ப்பாளைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடங்கித் திறக்கும். இவ்வகையில் முதலில் தேய்வது அந்தக் கீல்தான். மூடிய நிலையில் ஒரு கையால் பிடியையும் மறு கையால் குழலையும் பற்றி மெல்ல அசைத்தால், இறுக்கமான ரிவால்வர் ஒரே துண்டு இரும்புபோல இருக்கும். தேய்ந்தது "டக் டக்" என்று ஆடும். பிறகு, தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் சுத்தியலைக் கட்டை விரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுமையாக நிற்பதற்குள் உருளை சுழன்று தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் ஐந்தில் சரியாகப் பூட்டி ஆறாவதில் தவறும் ரிவால்வர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அறை குழலுக்கு நேராக வராமல் சுட்டால் ஈயம் பக்கவாட்டில் சிதறும். சுடுபவரின் கைக்கும் கண்ணுக்கும் அது ஆபத்து. உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய வெளிச்சக் கோடு தெரிவது இயல்பு. அந்த இடைவெளி கால் மில்லிமீட்டரைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குழலின் உட்புறத்தை வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியில் பார்க்க வேண்டும். உள்ளே வெட்டியுள்ள கோடுகள் கூர்மையாக, சுழன்று செல்வது தெரிய வேண்டும். குறுக்கே வளையம்போல் ஒரு நிழல் விழுந்தால், முன்பு குண்டு உள்ளே சிக்கி, அதன்மீது இன்னொன்று சுடப்பட்டு, குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். புள்ளி புள்ளியாகக் குழிகள் இருந்தால் அது துரு. கடலோர ஊர் ஒன்றிலிருந்து என்னிடம் வந்த ரிவால்வர் ஒன்று நினைவுக்கு வருகிறது. வெளியே பளபளவென்று இருந்தது. உரிமையாளர் அதைப் பத்து ஆண்டுகளாகத் தோல் உறையிலேயே வைத்துப் பூட்டியிருந்தார். தோல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்ததால், உறை தொட்ட பக்கம் முழுவதும் மேற்பூச்சுக்கு அடியில் அரித்துப்போயிருந்தது. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, மாதக்கணக்கில் எண்ணெய் காணாமல் கிடந்து திரும்பும் ஆயுதங்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு. வங்கி அதிகாரியிடம் அதைக் கடைசியாக எப்போது ஒப்படைத்தார், எப்போது சுத்தம் செய்தார் என்று தயங்காமல் கேளுங்கள். திருகாணிகளின் தலைகள் சிதைந்திருந்தால், தெரியாதவர் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

புதியதை வாங்குவதாக முடிவு செய்தாலும் பெட்டியைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. துப்பாக்கியில் சோதனை முத்திரை இருப்பதையும், அதன் எண் விற்பனைப் பட்டியலில் உள்ள எண்ணோடு ஒத்திருப்பதையும் கடையிலேயே பாருங்கள். சுத்தியலைப் பின்னிழுக்காமல் விசையை மட்டும் இழுத்துச் சுட எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பதைக் காலித் துப்பாக்கியில், கடைக்காரரின் ஒப்புதலோடு உணர்ந்து பார்ப்பது அவசியம். வழக்கமான ரிவால்வர்களில் அந்த இழுப்பு கடினமானது, வயதானவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் அது பெரும் இடையூறு. பிரபல், உருளை பக்கவாட்டில் வெளியே சாயும் முதல் இந்திய ரிவால்வர் என்று அறிமுகமானது. தோட்டா இல்லாமல் 675 கிராம் எடை. கீல் தேய்வு என்ற பிரச்சினை இந்த அமைப்பில் எழுவதில்லை என்பதால், வரவுசெலவு இடம்கொடுத்தால் அதையும் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் குழம்புபவர்கள் அதிகம். .32 என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு. ரிவால்வருடையது நீளமானது, அடியில் அகன்ற விளிம்பு உடையது. பிஸ்டலுடையது 17 மில்லிமீட்டர் கூடு கொண்ட குட்டையான தோட்டா. ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்த முயலவே கூடாது. எந்த வகையை வாங்கப் போகிறீர்களோ, அதற்குரிய தோட்டா உங்கள் ஊர்க் கடையில் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதைத் துப்பாக்கிக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். உரிமத்தில் குறித்துள்ள அளவுக்குள் பயிற்சிக்கும் தோட்டா தேவைப்படும். அந்தச் செலவோடு, சுவரில் பதித்துப் பூட்டும் இரும்புப் பெட்டியின் விலையையும் கணக்கில் சேர்த்தால்தான் உண்மையான தொகை தெரியும். குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால் அந்தப் பெட்டியைத் துப்பாக்கிக்கு முன்பே வாங்குங்கள்.

என் முடிவை நேராகவே சொல்கிறேன். வங்கி அதிகாரியின் ரிவால்வர் மேலே சொன்ன சோதனைகளில் தேறினால், 70,000 ரூபாய்க்கு அதை எடுத்துக்கொள்வதே உங்களுக்குப் பொருத்தமானது. மிச்சமாகும் பணத்தில் பெட்டியும், தோட்டாவும், ரைபிள் கிளப்பில் பயிற்சியும் அடங்கிவிடும். கீலிலோ பூட்டிலோ குறை தெரிந்தால், விலையைக் குறைத்து வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், கூடுதல் வரியைப் பொறுத்துக்கொண்டு புதியதற்குப் போங்கள். கோல்ட் வேண்டாம்.

அதிகாரியோடு பேசி முடித்தால், அவர் காவல் நிலையத்தில் தரும் அறிவிப்புக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 45 நாட்கள் அந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும். முன்பணம் கேட்டால் வங்கி வழியாகச் சிறு தொகை கொடுங்கள். அனுமதியில் தடை வந்தால் திருப்பித் தருவதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஆயுதம் கைக்கு வந்ததும் அதை உரிமம் வழங்கிய அலுவலகத்தில் காட்டி, தயாரிப்பும் எண்ணும் உங்கள் உரிமத்தில் பதிவாகின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஓர் எண் மாறி எழுதப்பட்டாலும் அன்றே திருத்தி வாங்குங்கள்.