மதினி இரண்டிலும் கெட்டி என்றால் எனக்கு என்ன வேலை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நானும் என் மதினியும் தீபாவளி சமயத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுக்கிறோம். ஒரு மணி நேரத்தில் மதினி 60 முறுக்கு சுடுவார், அல்லது 30 அதிரசம் தட்டி எடுப்பார். அதே நேரத்தில் எனக்கு 20 முறுக்கோ 20 அதிரசமோதான் வருகிறது. இரண்டிலும் அவர்தான் கெட்டி. கல்லூரியில் பொருளியல் படிக்கும் என் மகளோ, “அப்படி இருந்தாலும் நீங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம், அதற்குப் பெயர் ஒப்பீட்டு நன்மை” என்கிறாள். என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாளா, உண்மையிலேயே அப்படித்தானா?
– வாசகி, தாராவி, மும்பை

பதில்: உண்மையிலேயே அப்படித்தான், அம்மா. உங்கள் கையையும் மதினியின் கையையும் அருகருகே வைத்து யார் வேகம் என்று பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஓர் அதிரசத்துக்காக யார் எத்தனை முறுக்கை விட்டுக்கொடுக்கிறார் என்று பாருங்கள். அதிரச மாவை எடுத்து மதினி உட்காரும் ஒரு மணி நேரத்தில் 30 அதிரசம் கிடைக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவர் குழலைப் பிழிந்திருந்தால் வந்திருக்கக்கூடிய 60 முறுக்கு வராமலே போகிறது. ஆக, அவர் தட்டும் ஒவ்வோர் அதிரசத்தின் அடக்க விலையும் 2 முறுக்கு. நீங்கள் தட்டும் அதிரசத்துக்கோ 1 முறுக்குதான். ஒன்றைச் செய்வதற்காகச் செய்யாமல் விடுகிற இன்னொன்றைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்கள். அந்தச் செலவில், அதிரசத்தில் மலிவு நீங்கள். முறுக்கில் மலிவு மதினி. உங்கள் மகள் சொன்ன ஒப்பீட்டு நன்மை இதுதான்.

ஒரு நாளைக்கு ஆளுக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தனித்தனியாக, பாதி நேரம் இது, பாதி நேரம் அது என்று செய்தால், மதினிக்கு 180 முறுக்கு, 90 அதிரசம். உங்களுக்கு 60 முறுக்கு, 60 அதிரசம். மொத்தம் 240 முறுக்கும் 150 அதிரசமும். இப்போது நீங்கள் 6 மணி நேரமும் அதிரசமே செய்யுங்கள்: 120 வரும். மதினி 1 மணி நேரம் மட்டும் அதிரசம் செய்து 30 எடுத்துவிட்டு, மீதி 5 மணி நேரமும் முறுக்குப் பிழியட்டும்: 300 வரும். அதிரசம் அதே 150. முறுக்கு மட்டும் 300. அடுப்பைக் கூட்டவில்லை, ஆளைக் கூட்டவில்லை, நேரத்தைக் கூட்டவில்லை. 60 முறுக்கு கூடுதலாக வந்திருக்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

இந்த 60 முறுக்கு யாருக்கு என்பதை நீங்கள் பேசி முடிக்கும் விலைதான் தீர்மானிக்கும். 2 அதிரசத்துக்கு 3 முறுக்கு என்று பேசினால், நீங்கள் 60 அதிரசம் கொடுத்து 90 முறுக்கு வாங்குவீர்கள். ஆளுக்கு 30 முறுக்கு மிச்சம். ஒன்றுக்கு ஒன்று என்று பேசினால் லாபம் முழுவதும் மதினிக்குப் போய்விடும். ஒன்றுக்கு இரண்டு என்றால் முழுவதும் உங்களுக்கு. இந்த எல்லைகளைத் தாண்டிப் பேசினால் யாராவது ஒருவர், “நானே செய்துகொள்கிறேன்” என்று எழுந்து போய்விடுவார். சேர்ந்து செய்வது லாபம் என்பது வேறு, அந்த லாபம் சரியாகப் பங்காகிறது என்பது வேறு. விலை பேசும்போது உங்கள் பங்கைக் கேட்க நீங்கள் தயங்கக் கூடாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உங்களுக்கு மணிக்கு 20 முறுக்கு, 10 அதிரசம் என்று இருந்திருந்தால், உங்கள் அதிரசத்துக்கும் 2 முறுக்கு விலையாகியிருக்கும். விகிதம் ஒன்றாகிவிட்டால் பிரித்துச் செய்வதில் ஒரு பயனும் இல்லை. மதினி பக்கத்துச் சந்தில் இல்லாமல் டோம்பிவிலியில் இருந்திருந்தாலும், லோக்கல் ரயிலில் தூக்குவாளியோடு போய்வரும் நேரமே அந்த 60 முறுக்கையும் தின்றிருக்கும்.

கேள்வி: இதே கணக்கைத்தான் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ரிக்கார்டோ துணியையும் ஒயினையும் வைத்துச் சொன்னாரா?
– மாணவர், செம்பூர், மும்பை

பதில்: ஆம், 1817இல் வெளியான தன் நூலில், வெளிநாட்டு வர்த்தகம் பற்றிய அத்தியாயத்தில். அவர் கொடுத்த எண்கள்படி, குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேரின் உழைப்பு வேண்டும், ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90 பேர், ஒயினுக்கு 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. உங்களுக்கு முந்தைய கேள்வியின் மதினி நினைவுக்கு வருவார். துணியைக் கொடுத்து ஒயினை ஒன்றுக்கு ஒன்றாக வாங்கினால் இங்கிலாந்துக்கு 20 பேரின் உழைப்பு மிச்சம், போர்ச்சுகலுக்கு 10 பேரின் உழைப்பு மிச்சம். 1776இல் எழுதிய பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், வெளியில் மலிவாகக் கிடைப்பதை வீட்டில் செய்யாதே என்பதோடு நின்றுவிட்டார். எதிலும் கெட்டியில்லாத நாட்டுக்கும் விற்க ஒரு பொருள் இருக்கும் என்பதைத் தெளிவாக நிறுவியது ரிக்கார்டோதான்.

அதே அத்தியாயத்தில், 100 ஆங்கிலேயரின் உழைப்பில் வந்த பொருளை 120 இந்தியரின் உழைப்பில் வந்த பொருளுக்குக் கொடுக்கலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் ஓர் இந்திய மாணவர் கொஞ்சம் நின்று, பரிமாற்ற விலை யார் கையில் இருந்தது என்று யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். போர்ச்சுகல் ஒயினுக்கும் 1703இல் போட்ட ஒப்பந்தம் ஒன்று துணையாக இருந்தது: அதன்படி இங்கிலாந்தில் அதற்கு பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு.

கேள்வி: 22 வருடமாகத் தோல் பை தைக்கிறேன். வெளிநாட்டு மலிவுப் பைகள் வந்த பிறகு, 14 பேர் இருந்த எங்கள் பட்டறையில் இப்போது 5 பேர்தான். வர்த்தகத்தால் எல்லோருக்கும் நன்மை என்கிறார்கள். எங்களுக்கு எங்கே நன்மை?
– வாசகர், சயான் கோலிவாடா, மும்பை

பதில்: எல்லோருக்கும் நன்மை என்று யார் சொல்லியிருந்தாலும் அது தவறு, ஐயா. நாட்டின் மொத்தக் கணக்கு கூடும் என்பது மட்டுமே அந்தக் கோட்பாடு. நாட்டுக்குள்ளேயே சிலருக்கு நிலையான நஷ்டம் வரும் என்பதை 1941இல் ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் காட்டிவிட்டார்கள். பை வாங்கும் லட்சம் பேருக்குத் தலைக்குச் சில ரூபாய் மிச்சமாகிறது. அதற்கான நஷ்டம் முழுவதும் உங்களைப் போன்ற சில வீடுகளின் மேல் இறங்குகிறது.

முதல் கேள்வி கேட்ட அம்மா முறுக்குக் குழலை வைத்துவிட்டு அடுத்த நிமிடமே அதிரசத்துக்கு மாறிவிடலாம். வளைந்த ஊசியும் தோல் கத்தியும் 22 வருடம் பழகிய கை அப்படி மாறாது. மும்பைக்கு இது நன்றாகத் தெரியும். 1982 ஜனவரி 18 அன்று வேலைநிறுத்தம் தொடங்கிய பஞ்சாலைகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். நெசவு பிவண்டி போன்ற ஊர்களின் விசைத்தறிகளுக்குப் போனது. அது வெளிநாட்டு வர்த்தகம்கூட இல்லை. ஆலை நிலத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில் 45 வயது நெசவாளிக்கு நாற்காலி எதுவும் காத்திருக்கவில்லை.

இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் தர அமெரிக்கா 1962இல் சட்டம் இயற்றியது. மொத்தத்தில் கூடிய 60 முறுக்கிலிருந்துதான் அந்தச் செலவு வர வேண்டும். அதை எடுத்துக் கொடுக்காமல் ஒப்பீட்டு நன்மையின் பெயரை மட்டும் சொல்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் படித்திருக்கிறார்கள். பைக்கு இறக்குமதி வரியை ஏற்றினால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் ஜிப்புக்கும் உள்துணிக்கும் வரி ஏறினால் உங்கள் அடக்க விலையும் சேர்ந்து ஏறும் என்பதைக் கவனியுங்கள்.

ஒன்று செய்யுங்கள். பட்டறையில் மீதமுள்ள 5 பேரும் ஒரு வாரத்துக்கு, எந்த மணி நேரத்தில் எதைத் தைத்தார்கள், பழுது பார்க்கவும் அளவு கொடுத்துத் தைக்கவும் வந்த வேலைகளில் எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்று குறித்து வைக்கட்டும். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.