டாக்டர் காது கொடுக்கவில்லை: புகார் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. ஒரு ராத்திரி மேல்வயிற்றில் எரிச்சல், குப்பென்று வியர்வை, தாடையில் வலி என்று பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டியூட்டி டாக்டர் நின்றபடியே, "கேஸ்தான், ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். ஈ.சி.ஜி. எடுக்கலாமா என்றதற்கு, "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். மறுநாள் மதியம் வேறு மருத்துவமனையில் மாரடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது தேறிவருகிறார். புகார் கொடுத்தே ஆகணும் என்கிறான் தம்பி. "பொழச்சாச்சு, டாக்டருங்ககூட எதுக்குப் பகை?" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. டாக்டர் எடுத்தெறிந்து பேசியது ஒன்று, ஈ.சி.ஜி. எடுக்காதது இன்னொன்று. மனசில் தைத்திருப்பது முதலாவது. ஆனால் எடுபடப்போவது இரண்டாவதுதான்.

நாள்பட்ட சர்க்கரையால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். வயிற்றெரிச்சல், வியர்வை, மூச்சு வாங்குதல், தாடை வலி என்று வேறு வேஷத்தில் வரும். பெண்களிடமும் வயதானவர்களிடமும் இது இன்னும் அதிகம். மாரடைப்பு சந்தேகத்துக்கு இடமிருந்தால் நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதய மருத்துவ வழிகாட்டுதல். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அது போதாது, இன்னொரு முறை எடுத்து, இதயத் தசை பழுதாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

நோயைத் தவறாகக் கணித்தது மட்டுமே சட்டப்படி அலட்சியம் ஆகாது. அதே இடத்தில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் என்ன செய்திருப்பார் என்றுதான் பார்ப்பார்கள். ஈ.சி.ஜி.யும் ட்ரோபோனினும் எடுத்து, அவை சரியாக இருந்து, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். கேட்ட பிறகும் எடுக்காததால் பலம் உங்கள் பக்கம்.

எங்கே போவது என்பதற்கு முன் காகிதங்களைச் சேருங்கள். இதில் தாமதித்தால் மற்றதெல்லாம் வீண். அந்த இரவின் ஓ.பி. சீட்டு, பில், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் அசலைப் பத்திரப்படுத்துங்கள், யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஈ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வகை, பீரோவில் வைத்தாலே மங்கிவிடும். அதனால் இரண்டாவது மருத்துவமனையின் ஈ.சி.ஜி.யை இன்றைக்கே போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள். இரண்டு மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேளுங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அதே விதிகள் 3 ஆண்டு பதிவேட்டைக் காக்கச் சொல்வது உள்நோயாளிகளுக்குத்தான். உங்கள் அம்மா முதல் இடத்தில் அட்மிட் ஆகவில்லை, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சிசிடிவி காட்சிகள் மேலெழுதப்பட்டு அழிந்துவிடும் என்பதால், அந்த இரவின் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி ஒரு வரி மனுவிலேயே சேருங்கள்.

இப்போது பார்க்கும் இதய நிபுணரிடம் "அவர் செய்தது தப்புன்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். பெரும்பாலோர் நழுவிவிடுவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது, அட்மிட் ஆகும்போது ஈ.சி.ஜி.யில் என்ன இருந்தது, எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயம் ரத்தத்தைத் தள்ளும் சதவீதம் எவ்வளவு என்ற மூன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும்படி கேளுங்கள். தாமதத்தால் என்ன கெட்டது என்பதுதான் பின்னால் வரும் முதல் கேள்வி. இதயத் தசை எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று காட்டும் அந்த எக்கோ எண் அதற்குப் பதில் சொல்லும்.

இனி, உங்களுக்கு என்ன வேண்டும்? மன்னிப்பும், இன்னொருவருக்கு இப்படி நடக்காது என்ற உறுதியும் போதும் என்றால் முதல் மருத்துவமனையின் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வந்த நேரம், சொன்ன அறிகுறிகள், டாக்டர் சொன்ன வார்த்தைகள், செய்த சிகிச்சை, கிளம்பிய நேரம், அவ்வளவுதான். "திமிர் பிடித்தவர்" போன்ற அடைமொழி வேண்டாம், "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்ற வாக்கியத்தை அப்படியே எழுதினாலே போதும். விளக்கம் தர 15 நாள் கெடு கொடுங்கள். பொய்ப் பதிவு எழுதப்படும் என்ற பயம் இருந்தால் முதலில் ஆவணங்களை வாங்கிவிட்டு அப்புறம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

டாக்டர் மீதே நடவடிக்கை வேண்டும் என்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைச் சில காலம் நீக்கலாம், ஆனால் உங்களுக்கு ஒரு ரூபாய் இழப்பீடு தர அதற்கு அதிகாரம் கிடையாது. விதிப்படி 6 மாதத்தில் முடிவு வர வேண்டும், நடைமுறையில் பொறுமை தேவைப்படும்.

இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இது போன்ற மருத்துவ வழக்குக்கு வைத்துக்கொள்வது நல்லது. சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மருத்துவமனையின் பதிலுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. எல்லா வழக்கிலும் மருத்துவ நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இருந்தால் கை ஓங்கும்.

போலீசுக்குப் போகும் யோசனை தம்பிக்கு இருந்தால் விடச் சொல்லுங்கள். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மீது குற்ற வழக்கு நிற்கும் என்பது 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. நேரில் போய்ச் சத்தம் போடுவதும் கண்ணாடியை உடைப்பதும் உங்களைத்தான் உள்ளே தள்ளும். மருத்துவமனை வன்முறைக்கு எதிரான 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அது போலீஸ் நிலையத்திலேயே ஜாமீன் கிடைக்காத, கோர்ட்டில்தான் கேட்க வேண்டிய வகைக் குற்றம்.

அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. அம்மாவின் தொடர் சிகிச்சை முதலில், அதை வேறு மருத்துவமனையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்கள் கருத்து: ஆவணங்களை இந்த வாரமே வாங்குங்கள், கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். எக்கோவில் பாதிப்பு அதிகமாக இருந்தால் மட்டும் ஆணையத்துக்குப் போங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. மாதவிலக்கின்போது வாந்தி வரும் அளவுக்கு வலி, வேலைக்குப் போக முடியாது. மூன்று டாக்டர்களும் "ஸ்கேன் நார்மல், கல்யாணம் ஆனா சரியாகிடும்" என்றுதான் சொன்னார்கள். யார் மீது புகார் கொடுப்பது?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: இப்போதைக்கு யார் மீதும் வேண்டாம், முதலில் நோய் என்ன என்று தெரியட்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) என்ற நோயில் சாதாரண ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம், ஆகவே நார்மல் ஸ்கேன் அதை இல்லை என்று ஆக்கிவிடாது. பலருக்கு இது தெரியவரவே பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த வலிக்குக் கல்யாணம் மருந்தும் இல்லை.

அடுத்த டாக்டரிடம் போகும்போது மூன்று மாதக் குறிப்பு கொண்டுபோங்கள்: எந்தத் தேதியில் வலி, 10-க்கு எத்தனை, எத்தனை மாத்திரை, எத்தனை நாள் லீவு, மலம் கழிக்கும்போது வலி உண்டா. "ரொம்ப வலிக்குது" என்றால் காதில் ஏறாது, "மாதம் 3 நாள் லீவு, வாந்தி" என்றால் எழுதிக்கொள்வார்கள். "இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா, இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். மேற்கொண்டு பரிசோதிக்க மறுத்தால், "நான் கேட்டேன், இந்தக் காரணத்தால் தேவையில்லை என்று சீட்டில் எழுதிக் கொடுங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றவுடன் பாதி டாக்டர்கள் இன்னொரு முறை யோசிப்பார்கள். நோய் உறுதியானால் பழைய மருத்துவமனைகளுக்கு அந்த அறிக்கையின் நகலோடு ஒரு கடிதம் அனுப்பலாம். இழப்பீட்டு வழக்காக இது பெரும்பாலும் நிற்காது.

கேள்வி: அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் என் மனைவியைக் கேட்கக் கூடாத வார்த்தைகளால் திட்டினார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி, சிகிச்சை எல்லாம் அங்கேதான். புகார் கொடுத்தால் பழிவாங்குவார்களோ?
– வாசகர், விழுப்புரம்

பதில்: எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்பது 1995-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஆகவே வேறு வழிகள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன், தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர். எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த வார்டு என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் டியூட்டி பட்டியலில் கண்டுபிடித்துவிடுவார்கள். பதில் இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு, அல்லது "முதல்வரின் முகவரி" என்ற அரசுக் குறைதீர் பிரிவின் 1100 எண்ணுக்குப் போன். இந்த வழிகளில் மனு எண் கிடைக்கும், அதைக் குறித்துவையுங்கள். ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்திலும் கட்டணமின்றி மனுச் செய்யலாம்.

பழிவாங்கும் பயம் நியாயமானதே. தடுப்பூசியை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம், முதலில் அங்கே மாற்றுங்கள். பிறகு மனுவைக் கொடுங்கள்.

கேள்வி: கூகுளில் டாக்டர் பெயரோடு விமர்சனம் எழுதலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நடந்ததை நடந்தபடி எழுதலாம். "கொலைகாரன்", "திருடன்" என்று எழுதினால் அவதூறு நோட்டீஸ் வரும். வழக்கு அல்லது கவுன்சில் புகார் போடும் எண்ணம் இருந்தால் அது முடியும்வரை ஒன்றும் எழுதாதீர்கள். அங்கே எழுதியதற்கும் மனுவில் எழுதியதற்கும் ஒரு தேதி முன்பின்னாக இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார்.